பதினோராம் நாள் சேலை

உப்போடைக்குக் கடல் கூப்பிடு தூரம், குடிதண்ணீர் பதினாறு கிலோமீட்டர். நடுவில் இருப்பதெல்லாம் உப்புப் பாத்தி, உப்புக் குவியல், உப்பு பூத்து வெளுத்த உடைமரம், உப்பு தின்று பல்லிளித்த சுவர், அந்தச் சுவர்களுக்குள்ளே வெயில் பார்த்துக் கண் பூத்துப்போன நூற்றுப்பத்துக் குடும்பங்கள். அங்கே எந்தத் துணியும் அரைமணி நேரத்துக்கு மேல் ஈரமாக இருந்தது கிடையாது. சேலையின் ஒரு முனையைக் கொடியில் போட்டுவிட்டு மறுமுனையை உதறுவதற்குள் முதல் முனை அப்பளமாகிவிடும். இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்குக் கடல்காற்று, பனி, நீரோட்டம் என்று யாராவது விளக்கம் சொல்ல வருவார்கள், வந்தார்கள்.

அந்த ஊரில் சந்தனமாரி என்று ஓர் உப்பள வேலைக்காரன் இருந்தான். இருபத்தெட்டு வயது, பாதமெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு, பலகை பிடித்து உப்பு வாரினால் கங்காணியே நின்று பார்க்கும் கை. அந்தப் பக்கத்தில் சந்தனமாரி என்று ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள், ஆகவே பெயரில் யாருக்கும் தகராறு இல்லை. அவனுடைய அம்மா ஒருமுறை காய்ச்சலில் சாகக் கிடந்தபோது, பிழைத்தால் என் மகன் தசராவுக்கு அம்மன் வேசம் கட்டுவான் என்று நேர்ந்துகொண்டாள். பிழைத்தாள், ஒன்பது வருசம் இருந்தாள், பிறகு வேறொரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். நேர்ச்சை தீர்ந்தது, மகன் வேசம் கட்டுவதை விடவில்லை.

தசராவின் பத்து நாளும் உப்போடை அவன் காலில் கிடக்கும். சிவப்பில் பச்சைக்கரை போட்ட ஒரே சேலைதான், வருசா வருசம் அதேதான், முந்தானையில் யாரோ கும்பிட்டபோது ஊதுபத்தி பட்டு மிளகளவுக்குப் பொசுங்கிய ஓட்டை. அதை உடுத்தி, தகரக் கிரீடம் வைத்து, மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டி அவன் தெருவில் இறங்கினால் பக்கத்து வீட்டுப் பேச்சிக்கனி பிள்ளையைக் கொண்டுவந்து காலடியில் கிடத்துவாள், லோடு ஆட்டோ ஓட்டும் அவள் தம்பி சொரிமுத்து ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வான், எந்தப் பஞ்சாயத்திலும் தலை குனியாத ஊர்க் கமிட்டித் தலைவர் லிங்கபாண்டி அண்ணாச்சி துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு தடாலென்று விழுந்து, தாயே ஆத்தா, இந்த வருசமாவது ஐப்பசி மழை உப்பைக் கரைக்காமப் பாத்துக்கோ என்று மூக்கு மண்ணில் தேயக் கேட்பார். காப்புக் கட்டியவனை அடிக்கக் கூடாது, வையக் கூடாது, வாசலிலிருந்து விரட்டக் கூடாது. பதினோராம் நாள் காலையில் காப்பை அவிழ்த்துக் கடலில் விட்டதும் அம்மன் போய்விடுவாள், சேலை பெட்டிக்குள் போய்விடும், அதே அண்ணாச்சி அதே வாயால், ஏல மாரி, நாலாம் பாத்தியில வரப்பு உடைஞ்சு கெடக்கு, அங்க என்னல பாத்துக்கிட்டு நிக்க என்பார். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் அவன் அந்தப் பத்து நாளுக்காகத்தான் காத்திருந்தான் என்பது ஊருக்குத் தெரியாது. ஊர் கேட்டதில்லை.

அந்த வருசம் பதினோராம் நாள் காலையில் சந்தனமாரி காப்பை அவிழ்த்துக் கடலில் விட்டான், கிரீடத்தைக் கழற்றினான், முகத்து மஞ்சளைக் கழுவினான், சேலையை மட்டும் அவிழ்க்காமல் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினான்.

சாயங்காலம் வரை ஊர் சிரித்தது. மறுநாளும் அதே சேலையோடு உப்பு வாரப் போனபோது சிரிப்பு நின்றது. லிங்கபாண்டி அண்ணாச்சி வரப்பில் நின்று, ஏல, வேசம் கலைக்கலியா என்று கேட்டார்.

"கலைச்சாச்சு அண்ணாச்சி. இது வேசம் இல்ல. நான் உடுத்திருக்கது."

ஒருவேளை அம்மன் இறங்க மாட்டேன் என்கிறாளோ என்று ஊர் நல்லபடியாகத்தான் நினைத்துப் பார்த்தது. கோடாங்கியை வரவழைத்து உடுக்கடித்துக் கேட்டார்கள். ஆத்தா போய் ரெண்டு நாளாச்சு, நான்தான் இருக்கேன் என்றான் சந்தனமாரி. பேய் என்றால் விரட்டிவிடலாம், பைத்தியம் என்றால் கட்டிப்போடலாம், பெண்ணாக மாறிவிட்டேன் என்று சொன்னால் அந்த மாதிரி ஆட்கள் இருக்கும் டவுனுக்கு அனுப்பிவிடலாம், எல்லாவற்றுக்கும் ஊரில் வழி இருந்தது. அவனோ, நான் ஆம்பளதான் அண்ணாச்சி, எனக்குச் சேல பிடிச்சிருக்கு, உடுத்துனா உடம்பு என் உடம்பா இருக்கு என்றான். அதற்கு மட்டும் உப்போடையில் வழி இல்லை.

தகராறு கொடிக்கயிற்றில்தான் முற்றியது. ஊருக்குப் பின்னால் துணி காயப்போட இரண்டு கொடி. கிழக்கே ஆண்கள் கொடி, மேற்கே முள்வேலி ஓரமாகப் பெண்கள் கொடி. சேலைக்கு அடியில் குனிந்து போகிற ஆணுக்கு ஆயுசு குறையும், மீசை முளைக்காது, பாத்தியில் உப்பு விளையாது, அதனால் இரண்டு கொடிக்கும் நடுவே இருபதடி இடைவெளி. சந்தனமாரி சேலையைத் துவைத்து எடுத்துக்கொண்டு கிழக்கே போனான். சேலையை எங்க கொடியில போடாத என்று ஆண்கள் மறித்தார்கள். மேற்கே போனான். ஆம்பளை உடுத்தின துணி எங்க துணியோட உரசக் கூடாது என்று பெண்கள் மறித்தார்கள். பேச்சிக்கனி மட்டும், கெடந்துட்டுப் போவுது, ஓரமாப் போடட்டும் என்று முணுமுணுத்துப் பார்த்துவிட்டு மற்றவர்களின் முகத்தைப் பார்த்து, இல்ல, வேண்டாம்தான் என்று முடித்துக்கொண்டாள். அவன் சண்டைக்குப் போகவில்லை. இரண்டு சவுக்குக் கம்பு கொண்டுவந்து அந்த இருபதடிக்கு நடுவில் நட்டு, மூன்றாவதாக ஒரு கொடி கட்டி, சேலையை விரித்துப் போட்டான்.

நல்ல உச்சி வெயிலில் அவனைத் தூக்கினார்கள். இடுப்பில் ஒரு துண்டோடு சேலை காய்வதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை நாலு பேர் சேர்ந்து மிதித்து, யாருடையதோ ஒரு கைலியையும் சட்டையையும் மாட்டிவிட்டு, சொரிமுத்துவின் லோடு ஆட்டோவில் உப்பு மூட்டை மாதிரி போட்டு, நாலுவழிச் சாலை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். சொரிமுத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டினான். இறக்கிவிட்டு, தாயே, பஸ் ஏறிப் போயிரு, திரும்பி வந்துராத என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். சந்தனமாரியின் கீழ்ப்பல் இரண்டு அந்த ஆட்டோவின் தகரத்தில் கிடந்தன.

சேலை கொடியிலேயே கிடந்தது. சேலை என்பதால் ஆண்கள் தொடவில்லை. ஆணின் துணி என்பதால் பெண்கள் தொடவில்லை. கிடந்த சேலை காயவில்லை.

முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கீழே மண் நனைந்திருந்தது. மூன்றாம் நாள் குட்டை கட்டி, பேச்சிக்கனியின் ஆடு போய் வாய் வைத்தது. உப்போடை ஆடு எந்தக் குட்டையிலும் வாய் வைக்காது. பேச்சிக்கனி விரலை நனைத்து நாக்கில் வைத்தாள், சுற்றும் முற்றும் பார்த்தாள், வீட்டுக்குள் போய்க் குடத்தை எடுத்துவந்தாள். முந்தானை முனையிலிருந்து நூல் பிடித்தாற்போல் தண்ணீர் இறங்கி, ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் குடம் நிறைந்தது. தித்தித்தது. பருப்பு வெந்தது. சோப்பு நுரைத்தது.

அதற்குப் பிறகு ஊர் அந்தச் சேலையைப் பற்றி ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை, வரிசையில் நின்றது. ஒரு வாரத்தில் கமிட்டி கூடி, கிழக்கே ஆண்கள் வரிசை, மேற்கே பெண்கள் வரிசை, வீட்டுக்கு நாலு குடம், சாவு வீட்டுக்கு ஆறு என்று தீர்மானம் போட்டது. பதினைந்தாம் நாள் மேலே தகரக் கூரை வந்தது. டவுனிலிருந்து குடிநீர் அதிகாரி ஒருவர் வந்து, சேலையைச் சுற்றி மூன்று தரம் நடந்து, பாட்டிலில் பிடித்து, மோந்து, குழாய்க் கசிவு என்று எழுதிக்கொண்டு போனார். எந்தக் குழாய் சார் என்று கேட்டதற்கு, அது கண்டறியப்பட வேண்டியுள்ளது என்றார். கேபிள் டிவிப் பையன் வந்து, வணக்கம் நேயர்களே என்று சேலைக்கு முன்னால் மைக்கை நீட்டிப் பிடித்தான். அதுவரை பதினாறு கிலோமீட்டரிலிருந்து வந்துகொண்டிருந்த லாரித் தண்ணீர் இனி வேண்டாம் என்று டிரைவர் மிக்கேலிடம் சொல்லிவிட்டார்கள்.

தண்ணீருக்குக் கதை வேண்டுமே. கங்காணி சொன்னார், அது ஏழு வயதில் கடலில் போன கன்னியின் சேலை என்று. ஏழு வயதுப் பிள்ளைக்கு எதுக்கு வே ஆறு கெஜம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோடாங்கி சொன்னார், அம்மன் கடலில் குளித்துவிட்டுத் தானே வந்து காயப்போட்டாள் என்று. சவுக்குக் கம்பும் தானாக முளைத்ததாம். லிங்கபாண்டி அண்ணாச்சி மைக்கில், நம் ஊர்ப் பெண்களின் கற்புக்கு இறைவி தந்த பரிசு என்றார், பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். ஈரச்சேலை அம்மன் என்று பெயர் வந்தது, பெயர்ப் பலகை வந்தது, பலகைக்குக் கீழே ஆண்கள் வேட்டியிலும் பெண்கள் சேலையிலும் வரவும் என்று இன்னொரு பலகை வந்தது. எந்தக் கதையிலும் சந்தனமாரி இல்லை. அவனைத் தூக்கிப் போனதைக் கண்ணால் பார்த்தவர்களே, ஆறு மாதத்தில், அப்படி ஒருத்தன் இருந்தானா, வடக்கே எங்கேயோ வேலைக்குப் போனான்லா என்றார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் ஞாபகம் இருந்தது.

சந்தனமாரி வடக்கே போகவில்லை. நாலுவழிச் சாலையில், லாரிக்காரர்கள் சாப்பிட நிறுத்தும் ஒரு மெஸ்ஸில், யாருடையதோ கைலியும் சட்டையுமாகப் பாத்திரம் கழுவினான். சட்டைக்குள் உடம்பு வேறு யாருடையதோ போல இருந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்தான். ஒரு மத்தியானம் மிக்கேல் வந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, ஒரு சேலை வந்து என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது, இந்தா, தீர்த்தம், நீயும் குடிச்சுப் பாரு என்று பாட்டிலை நீட்டினார். சந்தனமாரி ஒரு மடக்குக் குடித்தான். தித்திப்புக்குப் பின்னால் மஞ்சளும் ஊதுபத்தியும் அவன் தோள் வியர்வையும் இருந்தன.

"சேல என்ன நெறம்ணே?"

"செவப்பு. பச்சக்கரை. முந்தியில ஒரு சின்ன ஓட்டை. அதுவழியாத்தான் மொதச் சொட்டு வந்துச்சுன்னு பாட்டே கட்டிட்டானுவ."

சந்தனமாரி மீதித் தண்ணீரையும் குடித்தான். ஒரே ஆசைதான் அவனுக்கு. அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு, பிறந்த ஊரில், பகலில், தண்ணீர் எடுக்கப் போக வேண்டும்.

அடுத்த தசராவுக்குப் பெரிய கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு, புதுச் சேலையில், தகரக் கிரீடத்தோடு உப்போடைக்குள் நுழைந்தான். நுழையலாம். காப்புக் கட்டியவனை வாசலிலிருந்து விரட்டக் கூடாது. ஊர் அவனை அடையாளம் கண்டது, கண்டுகொண்டே விழுந்தது. பேச்சிக்கனி பிள்ளையைக் காலடியில் கிடத்திவிட்டு நிமிராமலே, எம்மா, பல்லு வலிக்கா என்று மெதுவாகக் கேட்டாள். சொரிமுத்து ஹாரன் அடிக்கவில்லை, தூரத்தில் நின்று அந்தப் புதுச் சேலையின் கொசுவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். லிங்கபாண்டி அண்ணாச்சி தடாலென்று விழுந்து, மூக்கு மண்ணில் இருக்கும்போதே சொன்னார், தாயே, பத்து நாள் இரு, பதினோராம் நாள் பொழுது ஏறுறதுக்குள்ள போயிரு என்று.

ஒன்பதாம் நாள் கமிட்டியைக் கூட்டச் சொல்லி அம்மன் உத்தரவு போட்டாள். காப்புக் கையை எதிர்த்துப் பேச முடியாமல் கூடினார்கள். சந்தனமாரி கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"அது என் சேலன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியும். நான் கேக்கல. அங்கயே கெடக்கட்டும், குடிங்க. நான் என் வீட்டுல, எனக்குப் பிடிச்சதை உடுத்திட்டு இருந்துக்கிடுதேன். நாலு கொடம் கூட வேண்டாம், ஒரு கொடம் போதும்."

வெளியே தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் கேட்டது. ஒரு ஆள் இருந்தா என்ன வந்துரப்போவுது அண்ணாச்சி என்றாள் பேச்சிக்கனி, இந்த முறை சத்தமாகவே. அண்ணாச்சி அவளைப் பார்க்காமல், நீ எந்த வரிசையில வந்து நிப்ப என்று சந்தனமாரியைக் கேட்டார். ஆம்பள வரிசையில நின்னா சேல, பொம்பள வரிசையில நின்னா ஆம்பள. நாளைக்கு இன்னொருத்தன் நிப்பான், மறுநா நாலு பேரு நிப்பான். சாமிக்குச் சாமியா வா, விழுதோம். மனுசனா வராத. கமிட்டி ஆமாம் போட்டது. தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டாம் என்பதில் நூற்றுப்பத்துக் குடும்பமும் ஒற்றுமையாக இருந்தது.

பதினோராம் நாள் காலையில் சந்தனமாரி கடலில் காப்பை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல், புதுச் சேலையோடு நேரே கூரைக்கு வந்தான். கிழக்கே ஆண்கள் வரிசை, மேற்கே பெண்கள் வரிசை, அவன் நடுவில் நடந்தான். முந்தானையைத் தொட்டான். சொட்டு நின்றது. அவன் கொடியிலிருந்து உருவியபோது சேலை நன்றாகக் காய்ந்து, இளஞ்சூடாக, வெயில் வாசனையோடு அவன் கைக்கு வந்தது. முகத்தை அதில் வைத்துக்கொண்டான். அவ்வளவு நேரம்தான் கிடைத்தது.

அன்றைக்கு ஆண் துணியா பெண் துணியா என்று யாரும் பார்க்கவில்லை, எல்லாக் கையும் சேலையைப் பிடித்தது. மிதித்து, உடுத்தியிருந்ததை உருவி, கைலி மாட்டி, லோடு ஆட்டோவில் போட்டார்கள். ஓட்ட மாட்டேன் என்று சொரிமுத்து சாவியைக் கீழே வைத்தான், வேறொருவன் எடுத்து ஓட்டினான். சிவப்புச் சேலையை மறுபடி கொடியில் விரித்து, வரிசையாக நின்று, குடத்தை வைத்து, காத்திருந்தார்கள். அது காய்ந்த சேலையாகவே தொங்கியது. வீட்டில் இருந்த கடைசிக் குடத்தைக் கொண்டுவந்து கோடாங்கி அதன்மேல் ஊற்றினார். சொட்டியது. ஊர் குலவையிட்டது. அரைமணியில் காய்ந்தது.

மிக்கேலுக்கு மறுபடி வேலை வந்தது. பதினாறு கிலோமீட்டர் லாரியில் தண்ணீர் கொண்டுபோவார், ஊர் அதைக் குடம் குடமாக வாங்கிச் சேலைமேல் ஊற்றும், கீழே குடம் வைத்துப் பிடிக்கும், பாதி மண்ணுக்குப் போகும், மீதியை வரிசையில் நின்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக் குடிக்கும். மிக்கேல் மெஸ்ஸில் வந்து இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். சந்தனமாரி தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"தெனமும் நனைச்சுக் காயப்போட்டா துணி எப்படிண்ணே தாங்கும்? நைஞ்சிராதா?"

"நைஞ்சு போச்சுடே. கரையெல்லாம் நூலு நூலாத் தொங்குது. இன்னொண்ணு கெடைச்சாத் தேவலன்னு பேசுதானுவ."

"சேலையா?"

மிக்கேல் சிரிப்பை நிறுத்தினார். ஆள் என்றார்.

கமிட்டியில் கங்காணிதான் அதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு என்ன செய்தோம் என்று விரல் விட்டு எண்ணினார்: பதினோராம் நாள், வேசம் கலைக்காதவன், மூன்றாம் கொடி, ஈரச்சேலை, உச்சி வெயில், லோடு ஆட்டோ, பஸ் ஸ்டாண்டு. ஒன்று குறையாமல் அப்படியே செய்தால் பலிக்கும். மாரியை வைத்து இனிச் செய்து பயனில்லை, ஒருத்தனை ஒருதரம்தான் விரட்டலாம், புதுசாக ஒருத்தன் வேண்டும். கைலி, சட்டை எல்லாம் துவைத்துத் தயாராக இருந்தது. எவனாவது ஒருவன் இந்த வருசம் அவிழ்க்காமல் இருந்துவிட வேண்டும் தாயே என்று ஊர் நேர்ந்துகொண்டது. அந்தத் தசராவுக்கு உப்போடையில் காப்புக் கட்டியவர்கள் முப்பத்தேழு பேர்.

பதினோராம் நாள் மத்தியானம் சந்தனமாரி மெஸ்ஸில் சொல்லிவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிழலில் உட்கார்ந்தான். மூன்று பஸ் போயிற்று. பிறகு லோடு ஆட்டோ வந்தது. பின்னாலிருந்து ஒரு ஆளைத் தள்ளிவிட்டு, கும்பிட்டு, திரும்பிப் போயிற்று. விழுந்தவன் தன்னுடைய ஆட்டோ போவதைப் பார்த்துக்கொண்டே தரையில் கிடந்தான். சொரிமுத்து. கைலி அவனுக்குக் கட்டையாக இருந்தது, வாயில் ரத்தம்.

சந்தனமாரி தண்ணீர் கொடுத்தான். அவன் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஆள் யாரென்று பார்த்து, முகத்தை மூடிக்கொண்டான்.

"அவுக்கத்தாம்ணே போனேன். கொசுவத்துல கை வச்சேன். ஒரு நிமிசம் நின்னுட்டேன், அவ்வளவுதான். அத முப்பத்தாறு பேரும் பாத்துட்டானுவ. வேகமா, வேகமா, நனைச்சுப் போடுங்கன்னு..."

"அக்கா?"

"அக்காதான் கொடம் எடுத்துட்டு வந்தா."

அந்த நேரம் உப்போடையில் மூன்றாவது கொடிக்குக் கீழே குடங்களை அடுக்கி, நீலச் சேலை ஒன்றை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைமணியில் அது காய்ந்துவிட்டது என்பதையும், அடுத்த தசராவுக்கு இன்னும் நன்றாகத் தேட வேண்டும் என்று அண்ணாச்சி மைக்கில் சொன்னார் என்பதையும் மிக்கேல் மறுநாள் வந்து சொல்வார்.

சொரிமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, நீங்க ஏம்ணே இங்க வந்து உக்காந்திருக்கிய என்று கேட்டான். இன்னைக்குப் பதினோராம் நாளுல்லா, ஆள் வரும்னு தெரியும் என்றான் சந்தனமாரி. பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து உதறி அவன் மடியில் போட்டான். சொரிமுத்து பயந்துபோய் அதைத் தடவிப் பார்த்தான், முனையைப் பிழிந்து பார்த்தான்.

"காஞ்சதுதான்," என்றான் சந்தனமாரி. "உடுத்திக்கோ."